சொந்தம், பதிப்பு ஒன்று

அவருடைய சட்டைப் பையில் எப்போதும் ஒரு பிளேடு இருக்கும், காகிதத்தில் மடித்து வைத்தது. முகம் மழிக்க அல்ல. புதிதாக எந்தப் பொருள் அலுவலகத்துக்கு வந்தாலும் அதைத் தலைகீழாகப் புரட்டி, எந்த நாட்டில் செய்தது என்று எழுதியிருக்கும் ஸ்டிக்கரைத் தேடிப் பிடித்துச் சுரண்டுவார். அவசரமே இருக்காது. சுரண்டிய இடத்தை எச்சில் தொட்டுத் துடைத்துவிட்டு, 'சேலத்தில் செய்தது' என்று அச்சடித்த மஞ்சள் ஸ்டிக்கரை ஒட்டி, கட்டைவிரலால் நாலு தரம் அழுத்தித் தேய்ப்பார்.

"இப்ப நம்முளுது ஆயிருச்சுங்க" என்பார்.

டீ கெட்டில், சுவர்க்கடிகாரம், கால்குலேட்டர் எல்லாமே அப்படித்தான் சேலத்தில் பிறந்தன. சிங்கப்பூர் போய் வந்த சொந்தக்காரர் ஒருவர் கொடுத்த தலைவலித் தைலத்தையும் அவர் விடவில்லை. பாட்டில் சின்னது என்பதால் ஸ்டிக்கர் மூடிவரைக்கும் சுற்றிக்கொண்டது. திறக்க முடியாமல் தலைவலியோடு ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தார்.

நான் அவரிடம் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். அஸ்தம்பட்டியில், ஏற்காடு சாலையில், ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் கம்பெனி. நாமக்கல் பக்கத்துக் கோழிப் பண்ணைகளுக்குக் கன்ட்ரோல் பேனல் செய்து கொடுத்தோம். நாலு பக்கமும் அடைத்த ஷெட்டுக்குள் ஆயிரக்கணக்கில் முட்டைக்கோழிகள். வெயில் ஏறினால் ஆள் உயர மின்விசிறிப் பேன்கள் ஓட வேண்டும், ஈரத்திரையில் தண்ணீர் இறங்க வேண்டும். எது எப்போது ஓடுவது என்று முடிவு செய்கிற சின்னக் கம்ப்யூட்டர்தான் பேனலுக்குள் இருப்பது.

அவருக்குப் பதவி மேனேஜிங் டைரக்டர். அது ஆங்கிலமாக இருக்கிறது என்று கதவில் 'இயக்குநர்' என்று தமிழில் எழுதிவைத்தார். அதிலிருந்து கீழே பல் பிடுங்க வந்தவர்களில் இரண்டொருவர் தாடையைப் பிடித்துக்கொண்டே மாடியேறி வந்து, அடுத்த படத்தில் ஒரு சின்ன வேடம் கிடைக்குமா என்று கேட்டுப் போனார்கள். அவர் யாரையும் திருப்பி அனுப்பவில்லை. போட்டோ வாங்கி வைத்துக்கொண்டார். நாங்களும் அவரை இயக்குநர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

வேலைக்கு நேர்முகத்துக்குப் போன அன்று அவர் என் சான்றிதழ்களைப் பார்க்கவில்லை. கோப்பை நீட்டினேன், வாங்கி மேசையில் வைத்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"எந்த ஊருங்க சாமி?"

"மல்லசமுத்திரம் பக்கமுங்க."

"மல்லசமுத்திரத்துல என்ன சொந்தம்?"

"சொந்தமா ஒண்ணும் இல்லீங்க. அப்பா கெழங்கு லாரிக்கு மூட்டை ஏத்தறாருங்க. ஊடு வாடகைதானுங்க."

அவர் சிரித்தார். "அதைக் கேக்கலீங்க. யாரு சொந்தம்னு கேட்டேன். யாரு வகையறா?"

அப்போதுதான் கேள்வி புரிந்தது. எங்கள் தெருவின் பெயரைச் சொன்னேன். அது போதுமானதாக இருந்தது. பேப்பர் வெயிட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "படிச்சுப்புட்டா எல்லாம் ஒண்ணுதானுங்க" என்றார். அதைச் சொல்ல வேண்டிய தேவை அவருக்கு ஏன் வந்தது என்று நான் அன்றைக்கு யோசிக்கவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வேலைக்குப் போகிற முதல் இன்ஜினியரும் நானே. அந்தச் சந்தோஷத்தில் காது சரியாகக் கேட்கவில்லை.

ஒயரிங் பார்ப்பவர் அவருக்கு மாப்ள. வேன் ஓட்டுகிறவர் மச்சான். சாப்ட்வேர் எழுதிய ரேவதி அக்காவும் நானும் மட்டும் சாமி. எங்கள் பக்கத்தில் பெரியவரையும் சாமி என்பார்கள், கைக்குழந்தையையும் சாமி என்பார்கள். முறை சொல்லத் தேவையில்லாத இடத்தில் அதைவிட வசதியான சொல் இல்லை.

எங்கள் பேனலுக்குள் இருந்த ஆபரேட்டிங் சிஸ்டம் கடல் தாண்டிய ஒரு கம்பெனியுடையது. அது ஓடிய போர்டு வேறொரு நாட்டில் செய்தது. அந்த இரண்டு நாடுகளும் வர்த்தகச் சண்டை போட்டுக்கொண்டு, யார் யாருக்கு எதை விற்கக் கூடாது என்று பட்டியல் போட்டன. பட்டியலில் எங்கள் பெயர் இல்லை. அஸ்தம்பட்டி என்று ஓர் இடம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் ஒருநாள் இரண்டு வரியில் மின்னஞ்சல் வந்தது. இனி அந்தப் போர்டில் அந்தச் சிஸ்டத்தை ஓட்ட லைசென்ஸ் புதுப்பிக்கப்படாது, வருந்துகிறோம்.

நான் படித்துச் சொன்னேன். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"ஏனுங்க சாமி, அவிய ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டா நாமக்கல்லுக் கோழிக்கு ஏன் காத்து நிக்கோணும்? அவியளுக்கும் கோழிக்கும் என்னங்க சம்பந்தம்?"

இந்த இடத்தில் அவர் கேட்டது முழுக்க நியாயம். இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல வாய்ப்பு வராது.

மறுநாள் காலை எங்களைக் கூப்பிட்டு, நாமே ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் செய்யப் போகிறோம் என்று அறிவித்தார். பெயரும் வைத்துவிட்டார்: 'சொந்தம்'. ஸ்டிக்கர் அடிக்கக் கொடுத்தாகிவிட்டது.

ரேவதி அக்கா தம்மம்பட்டிக்காரர். எதையும் சுற்றி வளைக்காமல் பேசுவார். "சார், பெரிய பெரிய கம்பெனிக்கே இதுக்குப் பல வருஷம் ஆகும். நாம ரெண்டே பேரு."

"அவிய சம்பளத்துக்குப் பண்றவியங்க. நாம சொந்தமாப் பண்றோம். ஆவணி முகூர்த்தத்துக்குள்ள முடிச்சிரலாம்."

நாங்களும் சம்பளத்துக்குத்தான் பண்ணினோம் என்பதை யாரும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை.

உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற பல பேர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாக வைத்திருக்கும் ஒரு சிஸ்டம் உண்டு. அதை எடுத்து எங்கள் தேவைக்குத் திருத்திக்கொள்வதுதான் ஆகிற காரியம். ரேவதி அக்கா அப்படியே செய்தார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரே ஒரு நிபந்தனை, எழுதியவர்களின் பெயர்களை எடுக்கக் கூடாது. ஒவ்வொரு கோப்பின் தலையிலும் யாராவது ஒருவர் பெயர் இருக்கும்.

இயக்குநர் ஒருநாள் என் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பிளேடு இங்கே உதவாது என்று புரிந்ததும், "இதாருங்க, பேரு வாயில நொழைய மாட்டேங்குது? நம்ம சொந்தமா?" என்றார்.

"இதை எழுதுனவருங்க."

"எடுத்துருங்க. சொந்தம்னு பேரு வச்சுப்புட்டு உள்ளார பூரா ஊரான் பேரா?"

எடுத்தால் சட்டப்படி தப்பு என்று நான் பத்து நிமிடம் விளக்கினேன். எனக்கு அப்படித்தான் விளக்க வரும். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "சரிங்க, எடுத்துருங்க" என்றார்.

ரேவதி அக்கா நாற்காலியைத் திருப்பினார். "சார், இவங்கெல்லாம் பொண்ணு குடுத்தவங்க மாதிரி. சம்பந்தி வீடு."

இயக்குநர் நின்றார். யோசித்தார். "சம்பந்தி ஊட்டுப் பேரு பத்திரிகையில வரோணும். அது மொறைதானுங்க" என்று ஒத்துக்கொண்டார். அப்புறம் திரும்பி வந்து, "ஆனா மாப்பிள்ளை ஊட்டுப் பேரு மேல, பெரிய எழுத்துல வரோணும்" என்றார். அப்படியே போட்டோம். அந்தச் சிஸ்டத்தின் ஆயிரக்கணக்கான கோப்புகளை இன்றைக்குத் திறந்தாலும் கல்யாணப் பத்திரிகை மாதிரிதான் இருக்கும்.

வாஸ்துவும் வந்தது. தொடங்குகிற பொத்தான் ஈசான மூலையில் இருக்க வேண்டும் என்றார். திரையில் வலது மேல் மூலையில் வைத்தோம். ஒரு பண்ணைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பேனல் தெற்குச் சுவரில் மாட்டியிருப்பதால் அங்கே வலது மூலை ஈசானம் இல்லை, நைருதி என்றார். சுவரில் செங்குத்தாக மாட்டிய திரைக்குத் திசை எப்படி வரும் என்று நான் கேட்டேன். "படிச்ச ஆளு நீங்களே இப்படிக் கேக்கலாமுங்களா?" என்றார். கடைசியில் எந்தச் சுவர் என்று கேட்டுக்கொண்டு பொத்தானை மாற்றி மாற்றி வைத்தோம். எங்கள் சிஸ்டத்துக்கு நாலு திசைக்கு நாலு வடிவம் உண்டு. வேறு எந்த நாட்டுக்காரனுக்கும் இது தோன்றியிருக்காது என்று அவர் பெருமைப்பட்டார். அதுவும் உண்மைதான்.

இப்படியே போயிருந்தால் நான் இதைச் சிரித்து மறந்திருப்பேன். தப்பு என்னிடமிருந்து தொடங்கியது.

கம்ப்யூட்டருக்குள் ஒரு நிரல் இன்னொன்றைத் தொடங்கிவைத்தால் முதலாவது அப்பா, இரண்டாவது பிள்ளை. நிறுத்துவதற்கான கட்டளை 'கொல்'. அப்பா முடிந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அநாதை என்று பெயர். எல்லாச் செய்தியும் தமிழில் வர வேண்டும் என்று இயக்குநர் சொல்லியிருந்ததால், நான் அகராதியை வைத்துக்கொண்டு ஒன்று விடாமல் மொழிபெயர்த்திருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை. கற்பூரத் தட்டோடு ஒவ்வொரு மேசையாக வந்தவர் சோதனைப் பேனல் முன்னால் நின்றார். அவர் படிக்கும்போது உதடு அசையும். உதடு அசைந்துகொண்டே வந்து நின்றுவிட்டது. திரையில் இருந்தது இதுதான்: 'பிள்ளை 214 கொல்லப்பட்டது. அநாதைகள்: 3.'

"ஏனுங்க, வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்னங்க எழுதி வச்சிருக்கறீங்க? இதைப் போயிக் குடும்பம் நடத்தற ஊட்டுல மாட்டவா?"

"அது கம்ப்யூட்டர் வழக்கமுங்க. நெசமா யாரும்…"

"கொன்னுது, செத்துது, அநாதை, ஒண்ணும் வரக்கூடாது. போகயில ஒரு மனுசன் என்னங்க சொல்லுவான்? அதைப் போடுங்க."

எங்கள் பக்கம் யாரும் 'போறேன்' என்று சொல்லிவிட்டு வாசல் தாண்ட மாட்டார்கள். ஆகவே நிறுத்துகிற பொத்தானை அமுக்கினால் பேன் நிற்கும், திரையில் 'போயிட்டு வாரேன்' என்று வரும். மாற்றி வைத்தேன். எனக்கே பிடித்திருந்தது.

மறுநாள் அவர் பேனல் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"எங்கீங்க, வரக்காணோம்?"

"யாருங்க?"

"வாரேன்னு சொல்லிட்டுப் போச்சே, அது."

அது சும்மா செய்திதான் என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "சொன்னா சொன்னபடி வரோணுமல்ல? வாரேன்னு சொல்லிப்புட்டு வராம இருந்தா அதென்னுங்க சிஸ்டம்? ஒரு நிமிசம் குடுங்க, தானா வந்துரோணும்."

ரேவதி அக்கா எழுந்தே வந்துவிட்டார். "சார், நிறுத்துனா நிக்கணும். அதுதான் நிறுத்துறது."

"பேன் நின்னா கோழி செத்துப்போகுமுங்க. ஒருத்தன் நிறுத்திப்போட்டு போன் பேசப் போனான், திரும்பி வந்து பாத்தா ஒரு வரிசைக் கோழி வாயத் தொறந்துட்டுக் கெடக்குது. என்ர கண்ணுல பாத்திருக்கறேன்."

"கோழிக்குச் சரி சார். பேனுக்குள்ள கை வைக்கிற ஆளுக்கு?"

"கை வைக்கறவன் மெயினை அமத்திப்போட்டுத்தான் வைப்பான்."

பண்ணையில் யாரும் மெயினை அணைக்க மாட்டார்கள். மெயினை அணைத்தால் தண்ணீர், தீவனம், மற்றப் பேன்கள் எல்லாம் நின்றுபோகும். இது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். ரேவதி அக்கா அந்த வரிகளை எழுத மறுத்தார். நான் எழுதினேன். ஒரு நிமிடம் கழித்துப் பேன் தானாக ஓடும். 'வந்துட்டேன்' என்று திரையில் வரும். இயக்குநர் கைதட்டிச் சிரித்தார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஆவணி பிறப்பதற்குள் பதினொரு பண்ணைகளில் பேனல் மாட்டியாகிவிட்டது. பன்னிரண்டாவது, நாமக்கல் தாண்டி இருக்கிற துளசிமணி அக்காவின் பண்ணை. அங்கேதான் விழா. விழாவில் கொடுக்க ஒரு சோதனைச் சான்றிதழ் தயாரானது. 'நிறுத்தும் பொத்தான் உட்பட அனைத்தும் சோதித்துப் பார்க்கப்பட்டது' என்று அதில் ஒரு வரி. கீழே இன்ஜினியர் கையெழுத்து போட வேண்டும். ரேவதி அக்கா பேனாவையே தொடவில்லை.

இயக்குநர் தாளை என் பக்கம் நகர்த்தினார். "பேருக்குப் பின்னால பி.இ.ன்னு போடுங்க சாமி. எடுப்பா இருக்கும்."

சோதித்துப் பார்த்தோமா? பார்த்தோம். பொத்தான் வேலை செய்கிறதா? செய்கிறது. வரியில் பொய் ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கையெழுத்துப் போட்டு, பி.இ. என்றும் போட்டு, போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. என் தங்கச்சியிடம் காட்டி எது என் பேர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதாக அப்புறம் அம்மாவே சொன்னாள்.

விழாவுக்கு வந்தவர்கள் எல்லாம் இயக்குநரின் சொந்தக்காரர்கள். திருச்செங்கோட்டிலிருந்து இரண்டு வேன். பேனல் வாங்கிய மற்றப் பண்ணைக்காரர்களைக் கூப்பிட அவருக்கு ஞாபகமில்லை. பேனலுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, மாலை போட்டு, தேங்காய் உடைத்தார்கள். தேங்காய்த் தண்ணீர் திரையில் தெறித்து, தொடங்கும் பொத்தான் ஐந்து நிமிடம் வேலை செய்யவில்லை. அதை நல்ல சகுனம் என்று ஒரு பெரியவர் சொன்னார்.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார். "வெளிநாட்டுக்காரன் ஊட்டுச் சாவியைப் புடுங்கிட்டுப் போனான். நாம ஊட்டையே புதுசாக் கட்டிட்டமுங்க!" கைதட்டல். "இப்ப பாருங்க, நிறுத்தறேன்." பொத்தானை அமுக்கினார். ஷெட்டின் கடைசியில் வரிசையாக இருந்த பேன்கள் சத்தம் குறைந்து, சுழன்று, நின்றன. திரையில் 'போயிட்டு வாரேன்'. எல்லாரும் சிரித்தார்கள். ஓர் அம்மா திரையைப் பார்த்து, "வாங்க சாமி" என்று கும்பிட்டார்.

நான் பின்னால் நின்றிருந்தேன். எனக்கு ஷெட்டின் அந்தக் கோடி தெரிந்தது. பண்ணையில் வேலை பார்க்கும் மாரியண்ணன், பேன் நின்றதைப் பார்த்ததும், கிடைத்த நேரத்தில் மூன்றாவது பேனில் அடைத்திருந்த இறகுகளைத் துடைத்துவிடலாம் என்று போய்க்கொண்டிருந்தார். கையில் தோள் துண்டு. மெயினை யாரும் அணைக்கவில்லை. துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, பேனைச் சுழற்றுகிற பெல்ட்டுக்குப் பின்னால் கையை உள்ளே விட்டார்.

ஒரு நிமிடத்தில் எவ்வளவு போயிருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

"மாரியண்ணா! கைய எடுங்க! அண்ணா!"

மைக்கில் இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார். நான் ஓடினேன், கத்தினேன். மாரியண்ணன் யார் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பினார். திரும்பியதில் கை அரை முழம் வெளியே வந்தது. அந்த நேரத்தில் பேன் ஓடியது. துண்டு அவர் கையிலிருந்து பாம்பு மாதிரி உருவிக்கொண்டு உள்ளே போய், நூல் நூலாக மறுபக்கம் வந்து விழுந்தது. மாரியண்ணன் தரையில் உட்கார்ந்து, தன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார்.

பின்னால் யாரோ திரையை வாசித்தார்கள்: "வந்துட்டேன்னு போட்டிருக்குதுங்க."

இயக்குநர் வேகமாக வந்தார். மாரியண்ணன் அவரை நிமிர்ந்து பார்த்து, "நிறுத்திப்போட்டீங்கன்னு நெனச்சுத்தானுங்க கைய உட்டேன்" என்றார்.

"நிறுத்துனதுதானுங்க. நிறுத்துனது திரும்பி வந்துருச்சு." அப்புறம் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "பாத்தீங்களா, துண்டைத்தான் தொட்டுச்சு, கையத் தொடலை. வெளிநாட்டுச் சிஸ்டமா இருந்தா இந்நேரம் கை போயிருக்குமுங்க!"

பாதிப் பேர் கைதட்டினார்கள். வேனிலிருந்து ஒரு புதுத் துண்டு வந்தது. இயக்குநர் அதை மாரியண்ணனுக்குப் போர்த்தினார். ஒருவர் போட்டோவும் எடுத்தார்.

துளசிமணி அக்கா கைதட்டவில்லை. பேனலுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த சான்றிதழைக் கழற்றி, கண்ணுக்கு எட்டத்தில் பிடித்துக்கொண்டு படித்தார்.

"இது யாரு கையெழுத்துங்க?"

"நம்ம பையன்தானுங்க" என்றார் இயக்குநர், என் தோளில் கை போட்டு. இரண்டு வருடத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

அக்கா என்னைப் பார்த்தார். "சோதிச்சுப் பாத்தீங்களா சாமி?"

"பாத்தனுங்கக்கா."

"நின்னுபோட்டுத் தானா ஓடும்னு தெரியுமா?"

"தெரியுமுங்க."

"தெரிஞ்சா அதையல்ல இதுல எழுதியிருக்கோணும்?"

கோபமாகக்கூட அவர் கேட்கவில்லை. தாளை என்னிடம் கொடுத்துவிட்டு, எலக்ட்ரீசியனுக்குப் போன் போட்டு, ஒவ்வொரு பேனுக்குப் பக்கத்திலும் இழுத்தால் கரண்ட் போகிற ஒரு சாதாரணக் கைப்பிடிச் சுவிட்ச் மாட்டச் சொன்னார்.

சேலம் திரும்பும்போது இயக்குநர் வேனில் பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தார். அன்றைக்கே ரேவதி அக்கா அந்த வரிகளை நீக்கிச் சரிசெய்துவிட்டார். பதினொரு பண்ணைக்கும் போய் மாற்றிவிட்டு வரலாம் என்றார்.

"இப்ப மாத்துனா தப்புன்னு ஆயிருமுங்க. ரெண்டாம் பதிப்புல பாத்துக்கலாம்."

"அதுவரைக்கும் அங்க கை வைக்கிறவங்க சார்?"

"ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலையல்ல. நல்ல வார்த்தை பேசுங்க."

அந்தப் பதினொரு பண்ணைக்கும் போக வேண்டிய சான்றிதழ்கள் என் மேசைக்கு வந்தன. பண்ணைக்காரர்களின் போன் எண்கள் அவர் போனில் மட்டும்தான் இருந்தன. முகவரிகள் உறையின்மேல் இருந்தன. நான் பேனாவை எடுத்தேன். ஒவ்வொரு தாளிலும் என் கையெழுத்துக்கு மேலே, எல்லாரும் படிக்கிற மாதிரிக் கொட்டை எழுத்தில் எழுதினேன்: 'நிறுத்தினாலும் ஒரு நிமிடத்தில் பேன் தானாக ஓடும். மெயினை அணைக்காமல் உள்ளே கை வைக்கக் கூடாது.'

எட்டாவது தாளில் இருந்தபோது அவர் வந்தார். முதல் தாளை எடுத்தார். உதடு அசைந்தது. மேசைமேல் இருந்த மற்றத் தாள்களையும் ஒவ்வொன்றாகப் படித்தார், எல்லாவற்றிலும் ஒன்றேதான் எழுதியிருக்கிறது என்று தெரிந்தும். இப்போது கத்துவார், கிழிப்பார், வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று காத்திருந்தேன். மல்லசமுத்திரத்துக்கு எத்தனை மணிக்கு பஸ் என்றுகூட யோசித்துவிட்டேன்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். முகத்தில் கோபம் துளியும் இல்லை. உதவி செய்ய வந்த முகம்.

"நல்லாத்தான் எழுதியிருக்கறீங்க. ஆனா 'கை வைக்கக் கூடாது'ன்னா மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்குதுங்க. 'பேன் சுறுசுறுப்பா இருக்கும், பாத்துப் பழகிக்கோங்க'ன்னு மாத்தி எழுதிருங்க. வேற ஒண்ணும் வேண்டாம் சாமி. சொல்லை மட்டும் மாத்துனாப் போதும்."

அவர் என்னை ஏமாற்றப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சொல்லை மாற்றிவிட்டால் அந்தப் பேன் பதினொரு ஊரிலும் பார்த்து நடந்துகொள்ளும் என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

மீதி மூன்று தாள்களையும் முன்போலவே எழுதி முடித்தேன். உறைகளில் போட்டு ஒட்டினேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நான் எழுந்து படியிறங்க ஆரம்பித்த பிறகுதான் அவருக்கு விஷயம் உறைத்திருக்க வேண்டும். கூரியர் கடை நாலு கட்டடம் தள்ளி இருக்கிறது. "நில்லுங்க சாமி! ஏனுங்க, நில்லுங்க!" என்று படிக்கட்டு முழுக்கக் கேட்டது. கீழே பல் வலியோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் தாடையைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார்கள்.

நான் நிற்கவில்லை.